போலோ டிஎஸ்ஐயைக் கொடுத்துவிட்டு ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கலாமா?

ஓட்ட உற்சாகமாகவும் தொல்லை கொடுக்காததாகவும் ஒரு கார் கையில் இருக்கும்போதே அதைவிட வேகமான ஒன்றுக்கு மாறலாமா என்ற கேள்வியை, பலரும் யோசிக்கும் ஓர் இணையை வைத்தே பார்க்கலாம். ஒன்று, 2020-இல் வந்த 1.0 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) எஞ்சினும் ஆறு கியர் மேனுவலும் கொண்ட ஃபோக்ஸ்வாகன் போலோ. மற்றொன்று, 2017-இல் இந்தியாவில் அறிமுகமாகி இப்போது பழைய கார் சந்தையில் மட்டுமே கிடைக்கும் அந்தத் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், அதாவது ஆக்டேவியா செடானின் வேகமான வடிவம். போலோவின் திறன் 110 பிஎஸ் (குதிரைத்திறன்), டார்க் (முறுக்குவிசை) 175 நியூட்டன் மீட்டர். ஆர்எஸ்ஸுக்கு 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட போலோவுக்கு ஏறத்தாழ 10 விநாடி ஆகும், ஆர்எஸ்ஸுக்கு 6.8 விநாடி என்பது நிறுவனத்தின் கணக்கு.

இந்த எண்களைப் பார்ப்பதற்கு முன், இப்போதைய காரில் உங்களுக்கு உண்மையில் எது குறைகிறது என்பதை எழுதி வையுங்கள். வளைவில் கார் சாய்கிறது, பிரேக் போதவில்லை, டயர் பிடிப்பு இல்லை என்பவையே உங்கள் குறைகள் என்றால், நல்ல டயர், புதிய பிரேக் பேடு, தேய்ந்த ஷாக் அப்சார்பருக்கு மாற்று ஆகியவற்றிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்கு ஆகும் செலவு கார் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குதான். இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது 80-இலிருந்து 120 வரை எடுக்கும் நேரம் உங்களை அச்சுறுத்துகிறது, அதுவும் குடும்பமும் சாமான்களும் ஏறியபின் இன்னும் மோசமாகிறது என்றால், அது டயரால் தீராது. ஆர்எஸ்ஸின் உண்மையான மேன்மை அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, உங்கள் சாலை எது என்று பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், இரண்டாவது கியரில் எஞ்சினின் முழுத் திறனையும் பயன்படுத்தி ஏறும் சுகத்தை நான்கு மீட்டருக்குள் அடங்கும் போலோ தருகிறது. 4.6 மீட்டரைத் தாண்டும் ஆர்எஸ்ஸில் அதே வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூடுதலாக அழுத்தினாலே முன்சக்கரங்கள் வழுக்க, அதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மின்னத் தொடங்கும். திறன் இருக்கும், அதை இறக்க இடம் இருக்காது. நீண்ட நால்வழிச் சாலைப் பயணம் மிகுதியாக உள்ளவருக்கும், இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூர் காரி பந்தயத் தடத்திலோ முறையாக ஓட்ட விரும்புபவருக்கும் இந்தத் தீர்ப்பு மாறும். வேகத்தைச் சோதிக்கத் தகுந்த இடம் பந்தயத் தடம்தான், பொதுச்சாலை அல்ல.

செலவில் வாங்கும் விலை தொடக்கம் மட்டுமே. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசிக்கு மேற்படாத போலோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1500 சிசியைத் தாண்டும் ஆர்எஸ்ஸுக்கு 7,897 ரூபாய், வரி தனி. டயர், பிரேக் டிஸ்க், பெட்ரோல் என ஒவ்வொன்றிலும் இந்த இடைவெளி தொடரும். எதிர்பாராத ஒரு பெரிய பழுதுக்கான தொகையைத் தனியே ஒதுக்க முடியாதவர் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வாங்குவதென்று முடிவானால் குறிப்பிட்ட காரைச் சோதிப்பதில் பொறுமை தேவை. விற்பவரிடம் எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு, குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். இவ்வகை 2.0 லிட்டர் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் இணைந்த பகுதியில் கசிவு வருவது பரவலாக அறியப்பட்ட குறை. ஆகவே கூலன்ட் தொட்டியின் அளவைப் பார்த்துவிட்டு, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே டார்ச் அடித்து, காய்ந்த இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்எஸ்ஸின் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ்) எண்ணெயில் இயங்கும் கிளட்ச் கொண்டது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியதற்கான பில் இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அந்தக் காரை விட்டுவிடுங்கள். மேம்பாலச் சரிவில், நெரிசலில் ஊர்ந்தபடி ஓட்டிப் பார்க்கும்போது அதிர்வோ தயக்கமோ தெரியக்கூடாது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் ரீமேப் (திறனைக் கூட்ட மென்பொருளை மாற்றுவது) செய்திருக்கிறார்களா என்பதை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு விற்பவர்களும் உண்டு என்பதால், கேள்வியை நேராகவே கேட்டு பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்த பக்கச்சுவர் கொண்ட டயர் பள்ளத்தில் இறங்கினால் அலாய் சக்கரம் வளையக்கூடும் என்பதால் நான்கு சக்கரங்களையும் சுழற்றிப் பார்க்கவும் வேண்டும்.

வீட்டில் ஒரே கார் என்றால், அன்றாடம் அலுவலகத்துக்கும் அதுதான் என்றால், போலோவை வைத்துக்கொள்ளும்படியே நான் சொல்வேன். இந்தியாவில் அதன் உற்பத்தி 2022-இல் நின்றுவிட்டது. ஒழுங்காகப் பராமரித்த ஒன்றை விற்றுவிட்டால், பிறகு அதே தரத்தில் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆர்எஸ்ஸை முழுமையாகச் சோதித்து முன்பணம் கொடுக்கும் வரை போலோவை விற்காதீர்கள். விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுப்பதுடன் நின்றுவிடாமல், ஆர்சியில் (பதிவுச் சான்றிதழ்) பெயர் மாறியதை அரசின் பரிவாகன் இணையதளத்தில் உறுதிசெய்யுங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியதன்று, உங்களுக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழைப் பெற்றுக்கொண்டால், 50 சதவீதம் வரையிலான அந்தச் சலுகையை மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்த காரின் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.