பெட்டி கட்டுவதற்கு முன்: இறையழைத்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் லோடு ஏறுகிற காலமும், பிள்ளைகள் கத்தோலிக்கக் குருவாகப் பயிற்சி பெறக் குருமடத்துக்குக் கிளம்புகிற காலமும் ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து, இறையழைத்தல் முகாமுக்கு (குருவாகவோ துறவியாகவோ வாழக் கடவுள் அழைக்கிறாரா என்று பார்க்கும் முகாம்) போய் வந்து, ஜூன் மாதம் பெட்டியோடு பஸ் ஏறுவார்கள். 22 வருடங்களுக்கு முன் கந்திகுப்பம் நிறுத்தத்தில் அப்படி ஏறியவன் நான். நான்கு வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டேன். இப்போது ஓசூரில் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். ஞாயிறு பூசைக்கு அப்புறம் பங்கில், பூசையில் உதவும் பீடச்சிறுவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அவர்களில் ஒருவன் வந்து, "அண்ணா, நான் சாமியாராகப் போகலாமா?" என்று மெதுவாகக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கவலையாகவும் இருக்கும். நான் செய்த தவறுகளையும் பக்கத்தில் இருந்து பார்த்த தவறுகளையும் அவனுக்காகத்தான் எழுதுகிறேன். அவன் தங்கைக்காகவும், அவனைப் பெற்றவர்களுக்காகவும்.

குரல் கேட்கும் என்று காத்திருப்பது

"எனக்கு ஒரு அடையாளமும் வரவில்லையே அண்ணா" என்பார்கள். விவிலியத்தில், இரவில் ஆண்டவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலுக்கே அது யார் என்று தெரியவில்லை. மூன்று முறை எழுந்து குரு ஏலியிடம் ஓடினான். பெரியவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. கேட்பதைவிடக் கேட்டதைப் புரிந்துகொள்வது கடினம். அதற்கு இன்னொருவர் துணை வேண்டும்.

புனித இஞ்ஞாசியார் கதையை நான் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். 1521இல் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தார். வீர சாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படுத்தபடி இரண்டு விதமாகக் கனவு காண்பார். ஒன்று, அரசவையில் பெயர் வாங்குவது, ஒரு சீமாட்டிக்காக வீரம் காட்டுவது. இன்னொன்று, புனிதர்களைப் போல வாழ்வது. இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. நினைத்து முடித்த பிறகு முதலாவது மனதை வறட்டிவிட்டுப் போனது, இரண்டாவது நிறைவைத் தந்துவிட்டுப் போனது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததில்தான் அவருடைய தெளிந்து தேர்தல் (எது கடவுளின் அழைப்பு என்று பிரித்தறிவது) தொடங்கியது.

நம் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம். திருவிழா அன்று சப்பரம், பேண்டு, மைக்குக்கு நடுவில் வெள்ளை அங்கியில் நிற்கும் சாமியாரைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். முதல் வெள்ளிக்கிழமை அவர் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நன்மை (நற்கருணை) கொடுக்கப் போகும்போது கூடப் போய்ப் பார். எங்கள் பங்கில் ஒரு பையன் அப்படிப் போனான். ஓட்டு வீடு, மூத்திர வாடை, கயிற்றுக் கட்டிலில் ஒரு பாட்டி. மெழுகுவர்த்தி பிடித்திருந்த இவன் கையை விடவே மாட்டேன் என்று அந்தப் பாட்டி பிடித்துக்கொண்டது. வாசலில் பைக்கைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தார் ஃபாதர். அடுத்த வாரம் இவனே கேட்டான்: "அந்தப் பாட்டியைப் பார்க்க மறுபடி எப்போது போகிறோம்?" அவன் சாமியார் ஆவானா, தெரியாது. ஆனால் ஆன்ம வழிகாட்டியிடம் பேசுவதற்கு அவனிடம் உண்மையான ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு நோட்டில் ஆறு மாதம் இப்படிப்பட்டவற்றை எழுதி வைத்தால் போதும். கனவில் மாதா வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அம்மாவின் நேர்த்திக்கடனைப் பிள்ளை சுமப்பது

எனக்கு மூன்று வயதில் மஞ்சள் காமாலை வந்தது. "பிழைத்தால் உமக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று அம்மா வேண்டிக்கொண்டார்கள். பிழைத்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான் "சின்ன சாமியார்". யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குருமடத்தில் நான்காம் வருடம் ஆன்ம வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா நேர்ந்துகொள்ளாமல் இருந்திருந்தால் நீ வந்திருப்பாயா?" இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் போய், "வந்திருக்க மாட்டேன் ஃபாதர்" என்றேன். சொன்னவுடன் அழுகை வந்தது, கூடவே மூச்சு லேசானது.

பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சபைச் சட்டம் எண் 1193 சொல்வது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். நீங்கள் நேர்ந்தது உங்கள் பிள்ளையைக் கட்டாது. எண் 1026 இன்னும் அழுத்தமானது: குருப்பட்டம் பெறுபவருக்கு முழுச் சுதந்திரம் இருக்க வேண்டும்; எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. துறவு சபையிலோ, வற்புறுத்தல், பெரும் பயம், ஏமாற்று ஆகியவற்றால் நவதுறவுக்குள் (துறவுப் பயிற்சியின் தொடக்கக் கட்டம்) போனால் அந்தச் சேர்க்கையே செல்லாது என்கிறது எண் 643. எங்கள் பங்குத்தந்தை இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் அம்மா, தான் ஆண்டவரை ஏமாற்றிவிட்டதாக நினைப்பதை நிறுத்தினார்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. "ஒரே பையன், வம்சம் என்னாகும்?", "இவளுக்காகச் சேர்த்து வைத்த நகையை என்ன செய்வது?" என்று கதவை அடைத்து நிற்பதும் அதே வற்புறுத்தல்தான்.

எதிலிருந்தோ தப்பிப்பதற்காகப் போவது

நீட் கிடைக்கவில்லை, காதல் முறிந்துவிட்டது, வீட்டில் கடன், அப்பா குடிக்கிறார். காரணங்கள் கலந்துதான் இருக்கும். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அங்கே போனால் படிக்க வைப்பார்கள் என்ற எண்ணமும் கூட இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல். அதை மூடி வைத்தால்தான் ஆபத்து.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஒரு தனிக் கவலை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் பேசுவது இன்னும் ஓயவில்லை. "வேறு வழி தெரியவில்லை, அதனால் மடத்தில் சேர்கிறேன்" என்று ஒரு தங்கை என் மனைவியிடம் சொன்னாள். அம்மா, கல்யாணத்தை நிறுத்த 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், இலவசம். முதலில் அதை நிறுத்து, காலேஜில் சேர். அதற்குப் பிறகும் சிஸ்டர்களோடு இருக்கத் தோன்றினால், அப்போது தோன்றுவது வேறு ரகம்.

முகாமுக்கு முதலில் வந்த துறவு சபையில் சேர்வது

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்ததுதான் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள பங்குகளின் தொகுதி). மறைமாவட்டக் குருவானால் ஆயருக்குக் கீழ்ப்படிந்து பெரும்பாலும் இந்தப் பங்குகளில்தான் பணி. கர்நாடக எல்லையில் உள்ள தளிப் பக்கம் போட்டால் கன்னடமும் தெலுங்கும் காதில் விழும். இவர் மணத்துறவும் கீழ்ப்படிதலும் வாக்களிக்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு (கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) கொடுப்பதில்லை. சபைக் குருக்களும் பிரதர்களும் சிஸ்டர்களும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள் கொடுத்து ஒரு குழுவாக வாழ்கிறார்கள். எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். குருவாகாமல் பிரதராகவே வாழ்வது தனி அழைத்தல் என்பதும் பலருக்குத் தெரியாது. குறைந்தது மூன்று இல்லங்களில் சில நாட்கள் தங்கிப் பார். காலை செபத்துக்கு எத்தனை மணிக்கு எழுகிறார்கள், வயதானவர்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் பேச்சு எப்படி என்று கவனி. போட்டோவும் ரீல்ஸும் இதைக் காட்டாது.

காலக் கணக்கையும் தெரிந்துகொள். குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு என்பது குறைந்தபட்சம். மற்றப் பயிற்சிகளும் சேர்ந்தால் பத்து வருடத்தைத் தொடும். துறவில் நவதுறவுக்கு 17, முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18, வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலுக்கும் நித்தியத்துக்கும் நடுவே மூன்று வருடமாவது இருக்கும். இத்தனை வருடமும் உன்னைச் சோதிக்க மட்டும் வைக்கவில்லை; நீ பார்த்து முடிவெடுக்கவும்தான்.

சொல்ல வேண்டியதை மறைப்பது

வலிப்பு, மன அழுத்த மாத்திரை, பழைய காதல், தீர்க்க முடியாத கடன் எதையும் மறைக்காதே. "சொன்னால் அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒருவரைப் பட்டத்துக்கு ஏற்பதா, குருமடத்திலிருந்து அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம வழிகாட்டியிடமோ, பாவசங்கீர்த்தனம் கேட்பவரிடமோ கருத்தே கேட்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் எண் 240 தடுக்கிறது. அதனால் அவர்களிடம் பயமில்லாமல் பேசலாம். நான்கு வருடம் வாயை மூடி இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று: மனம் சோர்ந்து கிடக்கும் நாளில் முடிவை மாற்றாதே. இதுவும் இஞ்ஞாசியார் சொன்னதுதான். வீட்டு ஞாபகத்தில் முதல் மாதமே ஓடி வருவதும் நான் வந்ததும் ஒன்றல்ல.

திரும்பி வந்தவரைத் தோற்றவராகப் பார்ப்பது

இதை ஊர் செய்கிறது. எலத்தகிரி, கோவிலூர் மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்களில் ஒரு பிள்ளை கிளம்பினால் ஊரே வழியனுப்பும். அதனால்தான் திரும்பி வரும் வழி அவ்வளவு நீளமாகத் தெரிகிறது. வெட்கத்துக்குப் பயந்தே வருடங்களைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

லூயி மார்ட்டின் துறவு மடத்தில் சேரப் போய், லத்தீன் தெரியாததால் திரும்பினார். செலி என்ற பெண்ணைக் கன்னியர் மடம் ஏற்கவில்லை. 1858இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் மகள்தான் குழந்தை தெரேசம்மாள். 2015இல் அந்தத் தம்பதியரே புனிதர்களானார்கள்.

நான் திரும்பிய அன்று கடைசி பஸ்ஸில் வந்தேன், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. எட்டு மாதம் கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். போன வருடம் எங்கள் பங்குப் பையன் ஒருவன், "அண்ணா, வந்துவிடுகிறேன்" என்று போன் செய்தான். பகல் பஸ்ஸிலேயே வரச் சொன்னேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நானும் அவன் அப்பாவும் நின்றோம். பெட்டியை அவன் அப்பா வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். வீட்டில் களியும் கீரைக் குழம்பும் செய்து வைத்திருந்தார்கள்; யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவன்தான் வாசித்தான்.