சிரட்டை வேலை: நான் கெடுத்த மூடிகளும் நீங்கள் கெடுக்க வேண்டாத மூடிகளும்

முதலில் எரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்த்திகைக்கு வித்தியாசமாக இருக்கட்டுமே என்று இரண்டு சிரட்டைகளை, அதாவது தேங்காய் மூடியின் ஓடுகளை, வழவழவென்று தேய்த்து, அதற்குள்ளேயே எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வாசலில் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. கொஞ்ச நேரத்தில் திரியோடு சேர்ந்து விளிம்பும் எரிய ஆரம்பித்தது. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "வெந்நீர் அடுப்புல நாம என்னத்தடா வைக்கிறோம்?"

அதேதான், சிரட்டையைத்தான். இஸ்திரிப் பெட்டிக்குக்கூடச் சிரட்டைக் கரி போடுவதுண்டு, அவ்வளவு சூடு பிடிக்கிற பொருள். அதில் நேரடியாகத் திரியோ மெழுகுவர்த்தியோ வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு, இணையத்தில் அழகான படங்களோடு நிறையப் பேர் சொல்லித்தரும் தவறும்கூட. விளக்குதான் வேண்டுமென்றால் சின்ன எல்இடி விளக்கை உள்ளே வையுங்கள்.

சென்னையில் கொட்டாங்குச்சி, தெற்கே சிரட்டை, யாழ்ப்பாணத்திலும் சிரட்டை. காசில்லாமல் கிடைக்கிற பொருள் என்பதால்தான் பலரும் இதில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்கும்போதே இதை மரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. மரப்பலகை தட்டையாக இருக்கும், ஆணி அடித்தால் வாங்கிக்கொள்ளும். சிரட்டை சில மில்லிமீட்டர் கனம்தான், எல்லாப் பக்கமும் வளைவு, அடி பட்டால் வளையாது, தெறிக்கும்.

சமையலுக்கு உடைத்த மூடியை அப்படியே எடுத்து வேலை தொடங்காதீர்கள். அருவாளால் போட்டு உடைத்த தேங்காயில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல்கள் இருக்கும், நீங்கள் மூன்று மணி நேரம் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் அது முகத்தைக் காட்டும். மூடியில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள், காகிதம் நனைந்தால் அந்த மூடி அடுப்புக்கு. இளந்தேங்காய் ஓடும் வேண்டாம், வெளிறிப்போய் மெல்லியதாக இருக்கும், காய்ந்ததும் கோணிக்கொள்ளும். நன்றாக முற்றி, கருத்த ஓடுதான் வேலைக்கு ஆகும். கிண்ணம் செய்கிறவர்கள் கண் இல்லாத மூடியை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும், குருத்து வெளியே வருகிற வழி அது, பாயசம் வெளியே போகிற வழியும் அதுவே.

உள்ளே இருக்கும் பருப்பைக் கத்தியால் நோண்டி எடுப்பது அடுத்த அவசரம். கத்தி உட்புறத்தில் கோடு போடும், கையிலும் போடும். இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பருப்பு தானாகச் சுருங்கி ஓட்டை விட்டு விலகும், கொப்பரைக் களத்தில் நடப்பது இதுதான். ஆனால் பருப்பு எடுத்த பிறகு ஈர ஓட்டை நேரே உச்சி வெயிலில் போடாதீர்கள், நிழலில் உலரட்டும்.

நேர்கோட்டில் அறுக்க எல்லோரும் கண்ணளவை நம்புகிறார்கள். புத்தகங்களை அடுக்கி, மேலே பென்சிலை அழுத்திப் பிடித்து, முழுத் தேங்காயை மெதுவாகச் சுற்றினால் கோடு தானே விழும். அறுக்கும்போது உருளாமல் இருக்க ஒரு ஈரத் துணியைச் சும்மாடு மாதிரி சுற்றி அதன்மேல் உட்கார வையுங்கள். பல் நெருக்கமான ஆக்சா பிளேடு போதும். ஒரே இடத்தில் ஆழமாக இறங்காமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க வேண்டும்.

இனி உப்புத்தாள். இங்கேதான் பொறுமை போகும், எனக்கும் போனது. தாளின் பின்புறம் எண் இருக்கும், எண் கூடக் கூட மணல் பொடியாகும். 80-இல் தொடங்கி நார் எல்லாம் போனதும் நேரே 400-க்குத் தாவினேன், கைக்கு வழவழப்பாகவே இருந்தது. எண்ணெய் தடவிய மறுநிமிடம் பூனை பிறாண்டியது மாதிரி நூறு கோடுகள்! 80 போட்ட கோட்டை 120 அழிக்கும், 120 போட்டதை 220, அதற்குப் பிறகுதான் 400. நடுவில் ஒன்றை விட்டால் திரும்பிப் போக வேண்டும், வேறு வழியில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு திசை வைத்துக்கொள்ளுங்கள், 120 குறுக்கே என்றால் 220 நெடுக்கே, அப்போதுதான் பழைய கோடு போனதா இல்லையா என்று தெரியும். முதல் நாரை எடுக்க உப்புத்தாளே வேண்டாம் என்பேன், உடைந்த ஆக்சா பிளேடுத் துண்டால் சுரண்டினால் பாதி நேரம் மிச்சம், தூசியும் குறைவு.

தூசி என்றதும் நினைவுக்கு வருகிறது, மாஸ்க் இல்லாமல் தேய்க்கவே தேய்க்காதீர்கள். காப்பிப்பொடி நிறத்தில் மிக நைசான தூள், மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்கு இறங்காது, நுரையீரலுக்கும் நல்லதல்ல. மொட்டை மாடிக்குப் போங்கள், அல்லது தண்ணீர்த் தாள் வாங்கி நனைத்துத் தேயுங்கள்.

துளை போட ஆணியும் சுத்தியலும் எடுத்தால் மூடி இரண்டாகும், இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டிரில் வைத்திருப்பவர்கள் பெரிய பிட்டோடு நேரே இறங்கிவிடுகிறார்கள், வளைவில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். துளை வரும் இடத்தில் டேப் ஒட்டி, உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, முதலில் 2 மில்லிமீட்டர், பிறகு பெரியது, மெதுவான வேகத்தில்.

ஒட்டுவதில் நடக்கும் கூத்து தனி. இரண்டு வளைவுகள் தொட்டுக்கொள்வது ஒரு புள்ளியில்தான், அந்தப் புள்ளியில் ஃபெவிகால் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் அடிப்பாகம் கையோடு வராது. தொடும் இடத்தைத் தேய்த்துத் தட்டையாக்கி, சொரசொரப்பாக்கி, இரண்டு டியூபைச் சமமாகக் கலக்கும் பசை போடுங்கள். நொடியில் ஒட்டும் பசை அவசரத்துக்குச் சரி, ஆனால் கீழே விழுந்தால் விட்டுவிடும், சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். வழிந்த அந்தப் பசையைப் பஞ்சால் துடைக்க வேண்டாம், பஞ்சில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், விரல் சுடும். அதே பசைக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: சின்ன இடைவெளியில் சிரட்டைத் தூளை நிரப்பி ஒரு சொட்டு விட்டால் ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

மெருகுக்கு வார்னிஷ் பளபளக்கும், ஆனால் சாப்பிடும் கிண்ணத்திலும் அகப்பையிலும் அது வேண்டாம். தேங்காய் எண்ணெயை மெல்லிசாகத் தடவித் துடைத்து, மறுநாள் திரும்பத் தடவினால் போதும், நிறம் கருமையாக ஏறிவரும். ஒரேயடியாக ஊற்றினால் பிசுக்குத்தான், அது காயாது, பழசானால் சிக்கு வாடை. அலங்காரப் பொருளுக்கு ஆளிவிதை எண்ணெய் நன்றாக இருக்கும். பெயிண்ட் கடையில் கிடைப்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோகச் சேர்மானங்கள் கலப்பார்கள் என்பதால் தட்டுக்கும் கரண்டிக்கும் ஆகாது. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் முக்கி, விரித்து வெளியே காயப் போடுங்கள்.

அப்புறம் அகப்பை. எதிரெதிரே இரண்டு துளை, அதில் மூங்கில் காம்பு, பசையே கிடையாது, பழைய ஆட்கள் கணக்கு அது. காம்பு இறுக்கமாக இருக்கட்டும் என்று நான் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றினேன். ஒருநாள் ராத்திரி முழுக்கச் சிங்க்கில் ஊறியதில் மூங்கில் உப்பி, துளையிலிருந்து விளிம்பு வரை ஒரே கீறல். கையால் தள்ளினால் போகிற அளவுதான் இறுக்கம் வேண்டும், கழுவியதும் துடைத்து மாட்டிவிட வேண்டும். அந்தப் பழைய அகப்பையில் இப்போது ரசம் எடுக்க முடியாது, அரிசி அள்ளப் பரவாயில்லை.