கிருஷ்ணகிரியிலிருந்து பாரூர் ஏரிக்கு நிதானமாக ஒரு சைக்கிள் பயணம்: முள் பஞ்சரைச் சமாளிக்கும் வழியோடு

பாரூர் ஏரிக்கரையில் ஒரே முள்ளுக்கு இரண்டு தடவை பஞ்சர் ஆனவன் எழுதுகிறேன். அந்தக் கதை கீழே வரும். அதற்கு முன்னால் கிளம்ப வேண்டுமே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

இது வேகமாகப் போகிறவர்களுக்கு இல்லை. மணிக்கு 12 கிலோமீட்டர், நடுவில் மோர், கோயில் திண்ணையில் அரை மணி நேரம், மதியத்துக்குள் பாதி தூரம். கிருஷ்ணகிரி, கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணைதான்), காவேரிப்பட்டணம், பெண்ணேஸ்வரமடம், பாரூர் ஏரி. பிறகு வந்த வழியே வீடு. போக வர 50–55 கிலோமீட்டர் வரும். தர்மபுரிக்காரர்கள் காவேரிப்பட்டணத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

எப்போது போவது

மார்கழி, தை, மாசி. மார்கழியில் விடிகாலைப் பனி முகத்தில் அறையும், காதுக்கு ஒரு துண்டு வேண்டும். மாம்பழ ஆசை இருந்தால் வைகாசியில் போகலாம். தோப்பு தோப்பாகப் பெங்களூரா தொங்கும். ஆனால் பத்து மணிக்கு மேல் வெயில் உங்களை நிழலில் உட்கார வைத்துவிடும். ஆடியில் மட்டும் இந்த வழி வேண்டாம். போகும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு போகும், "அட, நமக்குக் கால் பலம்தான்" என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். ஆடியில் ஊர் சுற்றியே ஆக வேண்டுமென்றால் காலையில் மேற்கே ராயக்கோட்டைக்கு ஏறுங்கள். சாயங்காலம் இறக்கமும் காற்றும் சேர்ந்து உங்களைக் கிருஷ்ணகிரியில் கொண்டுவந்து விடும். 1791-ல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த மலைக்கோட்டை ராயக்கோட்டையில் இருக்கிறது. அவர்கள் பிடித்ததும் ஜூலையில்தான். அந்தக் காற்றில் பீரங்கியை எப்படி இழுத்தார்களோ!

சைக்கிள்

புது சைக்கிள் வாங்க வேண்டாம். வீட்டில் இருப்பது போதும், கியர் இருந்தால் நல்லது. இந்தப் பக்கம் பெரிய மலை ஏற்றம் கிடையாது, ஆனால் மேடும் பள்ளமும் ஓயாது. மேடு கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிடுங்கள். மேட்டின் நடுவில், பெடலை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று விழும். கியர் இல்லாதவர்கள் இறங்கித் தள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சீட் உயரத்துக்கு ஒரே கணக்கு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதைவிடத் தாழ்வாக வைத்து ஓட்டினால் மறுநாள் முட்டி பேசும்.

வால்வு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பைக், கார் டயரில் இருக்கும் அதே தடித்த வால்வு உள்ள டியூப்தான் என் கட்சி. எந்த ஊர் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் காற்று கிடைக்கும். விலை கூடின சைக்கிள்களில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குக் கிராமத்தில் யாரும் காற்று அடித்துத் தர முடியாது. உங்களுடையது அதுவென்றால் ரிம் ஓட்டையைப் பெரிதாக்கப் போகாதீர்கள். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். பழைய 28 இஞ்ச் வண்டிக்காரர்கள் சட்டைப்பையில் ஒரு துண்டு வால் டியூப் (வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) போட்டுக்கொண்டால் ஆயிற்று.

பங்கில் காற்று அடிக்கும்போது ஒரு நொடி கூட அசந்துவிடாதீர்கள். லாரிக்கு அடிக்கும் காற்று அது, சைக்கிள் டயர் கண் இமைக்கும் முன் நிறைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். என் 26 இஞ்ச் தடி டயருக்கு 45 பி.எஸ்.ஐ. வைக்கிறேன்.

வழி

நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும் முதல் பகுதியை சர்வீஸ் ரோட்டிலேயே ஓட்டுங்கள். அது சலிப்பான வழி, விடியும் முன் முடித்துவிட வேண்டும். தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் கே.ஆர்.பி. அணையை 1957-ல் காமராஜர் திறந்துவைத்தார். அணைக்குக் கீழே கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் தென்னையும் பச்சையாக இருக்கும். அதுவரை பார்த்த பாறைக் குன்றுகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

காவேரிப்பட்டணத்தில் டீயும், தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் நிப்பட்டும். நிப்பட்டை ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கிப் பையில் போடுங்கள், பிஸ்கட்டைவிட வழிக்கு அதுதான் தாங்கும். அங்கிருந்து ஆற்றங்கரையில் பெண்ணேஸ்வரமடம். சோழர், ஹொய்சாளர் காலக் கல்வெட்டுகள் உள்ள சிவன் கோயில். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டால் கல்தரை சுடாது.

பாரூர் போகிற வழியில் ஃபோன் மேப்பை அப்படியே நம்பி ஓட்டாதீர்கள். எங்கள் பக்கத்தில் குக்கிராமத்துக்கெல்லாம் ஏதோ ஒரு "கொட்டாய்" என்றுதான் பேர். மேப் காட்டும் குறுக்குவழி முக்கால்வாசி யாருடைய கொட்டாயிலாவது, மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் முடியும். பேருந்து போகும் தார் ரோட்டை விடாதீர்கள். சந்தேகம் வந்தால் ஆடு மேய்க்கிறவர்களிடம் கேளுங்கள். "பாரூர் ஏரி எவ்ளோ தூரம்மா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன். "இதோ ரெண்டு மேடு தாண்டினா ஏரி, கண்ணு" என்றார். கிலோமீட்டரில் சொல்லியிருந்தால் கூட இவ்வளவு சரியாக இருந்திருக்காது.

வழியோரம் புதரும் மஞ்சளும் குங்குமமுமாக நிற்கும் கற்களைக் கவனியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல், இன்று குலசாமி. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எழுத்தைப் படிக்கிறேன் என்று சாக்பீஸைத் தேய்க்காதீர்கள், சைக்கிளை அதன்மேல் சாய்த்துப் படம் எடுக்காதீர்கள்.

முள்

இனி என் கதை. வேலி போட வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்) முள்ளை வெட்டி ரோட்டிலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். உதிர்ந்தது தாரிலேயே கிடக்கும். ஏரிக்கரையில் பின் டயர் இறங்கியது. டியூபைக் கழற்றினேன், ஓட்டையைக் கண்டுபிடித்தேன், ஒட்டினேன், பெருமையாகக் காற்றடித்தேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடி தரையோடு தரை. சொல்யூஷன்தான் மட்டம் என்று அதைத் திட்டிக்கொண்டே கடை வரை தள்ளினேன். கடைக்காரப் பெரியவர் டியூபைத் தொடவே இல்லை. "டியூபையே பாக்குறியே தம்பி, டயர்ல கை வெச்சுப் பாத்தியா?" என்றார். டயருக்குள் அரை நகம் நீளத்துக்கு ஒரு கறுப்பு முனை நின்றது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

டயரைக் கழற்றும் முன், வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூபை முழுதாக உருவ வேண்டாம், வால்வு ரிம்மிலேயே இருக்கட்டும். காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். தண்ணீர் இல்லையென்றால் டியூபை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காற்று உறைக்கும். வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று அளந்து, கோட்டிலிருந்து டயரிலும் அதே தூரத்தில் தேடுங்கள். முள் அங்கேதான் இருக்கும்.

வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறம் முழுக்கச் சுற்றிலும் இழுங்கள். முனை இருக்கிற இடத்தில் துணி மாட்டும். டயரை அந்த இடத்தில் வெளிப்பக்கமாக மடித்தால் முள் தலை தூக்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்துவிடுங்கள். டயர் லிவர் விற்கும் கடையில் இதற்கென்று என்னென்னவோ காட்டுவார்கள். நகவெட்டியை மிஞ்சியது எதையும் நான் பார்க்கவில்லை. ஒரு முள் கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் தேடுங்கள், முள் தனியாக வருவதில்லை.

அதன் பிறகுதான் ஒட்டு. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டமாகப் பூசி, பளபளப்பு போகும்வரை ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரத்தில் ஒட்டினால் நிற்காது. அந்த ஐந்து நிமிடம்தான் நிப்பட்டுக்கு நேரம். மாற்று டியூப் ஒன்று பையில் இருந்தால் அதை மாட்டிவிட்டு வீட்டில் போய் நிதானமாக ஒட்டலாம். ஆனால் முள்ளைத் தேடாமல் மாற்று டியூபை மாட்டினால் அதுவும் போகும். எனக்கு நடந்தது அதேதான், டியூப் மட்டும் பழையது.

வேறு வழிகள்

தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி நல்ல அரை நாள் பயணம். 1925 ஜூலை 23-ல் சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர், அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது. ஓசூர்ப் பக்கத்தில் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி. தொப்பூர் கணவாய்ச் சாலையில் சைக்கிள் வேண்டவே வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டு வழிகளில் இருட்டோடு கிளம்பாதீர்கள், அது யானை நடமாடும் நேரம்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்துவிட்டுத் தை மாதம் போன ஒருவருக்கு முள் குத்தவில்லை, கொள்ளுச் செடி மாட்டிக்கொண்டது. வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று ரோட்டில் கொள்ளும் ராகிக் கதிரும் பரப்பியிருப்பார்கள். தண்டு பின் கியரில் சுற்றினால் கியரைத் தாங்கும் கொக்கியே வளைந்துவிடும். எனக்கு இது தோன்றவே இல்லை, என் வண்டியில் பின் கியர் மூடியோடு இருக்கிறது. களம் போட்டிருக்கிற இடத்தில் இறங்கி, பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடங்கள். அவர்களுடைய தானியமும் மண்ணாகாமல் இருக்கும். ஏற்கெனவே சுற்றிவிட்டதென்றால் பெடலை முன்னால் மிதிக்காமல் பின்னால் மெதுவாகச் சுற்றித் தண்டை வெட்டி எடுங்கள்.

பின்சேர்க்கை 2: "வழியில் முடியவில்லை என்றால்?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். பேருந்தில் சைக்கிளை ஏற்றக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் இரண்டு இடத்திலும் குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) கிடைக்கும். வாடகையை முதலிலேயே பேசிக்கொண்டு, சைக்கிளைப் படுக்கப் போடும்போது செயின் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும்.