பின்னால் மாட்டிய டர்போவும் திரும்பி வராத ஆயிலும்

பானெட்டுக்குள் கை நுழையக்கூட இடமில்லாத காரில் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தோன்றும் யோசனை இது: சைலன்சரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டர்போவை வைத்துவிடலாம். புதிதாக மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து எக்ஸாஸ்ட் வாயுவைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த்தொகுப்பு) செய்ய வேண்டாம், இன்ஜின் பக்கம் சூடு ஏறாது, சத்தத்தில் கொஞ்சத்தை, எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரமான டர்பைனே விழுங்கிவிடும். யோசனையில் குறையில்லை. ஆனால் பலர் காற்றுக் குழாயை எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்பதிலேயே தலையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் வண்டியைப் படுக்க வைப்பது ஆயில்.

வழக்கமான இடத்தில் இருக்கும் டர்போ, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பைவிட உயரத்தில் இருக்கும். இன்ஜினிலிருந்து வந்து டர்போவின் பேரிங்கை நனைத்த ஆயில் தானாக வடிந்து சம்புக்குப் போய்விடும். காருக்கு அடியில் மாட்டினால் டர்போதான் பள்ளம். அங்கிருந்து ஆயிலை மேலேற்றித் தனி பம்ப் ஒன்று இன்ஜினுக்குத் தள்ள வேண்டும். ‘உயர வித்தியாசம் கொஞ்சம்தானே, வருகிற பிரஷரே தள்ளிவிடும்’ என்று பம்பை விட்டுவிடுவதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். ஆயில் தேங்காமல் வடிந்துகொண்டே இருந்தால்தான் அது தாங்கும். வடிகால் அடைத்தால் சாக்கடை வீட்டுக்குள் ஏறுவதுபோல, தேங்கிய ஆயில் டர்பைனுக்குள் புகுந்து பின்னால் நீலப் புகை மண்டும். ‘சீல் போச்சு’ என்று புது டர்போ வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அன்றைக்கே புகையும்.

பம்ப் வைத்தவர்களும் தப்பிவிட்டதாகச் சொல்ல முடியாது. திரும்பி வரும் ஆயில் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில், பாதி நுரையாக வரும். தண்ணீருக்குச் செய்த பம்ப் அதில் நெடுநாள் நிற்காது. சூடான ஆயிலுக்கென்றே வரும் கியர் பம்ப்தான் சரி. அதை டர்போவின் வடிகாலுக்குக் கீழேயோ அதே மட்டத்திலோ வைக்க வேண்டும். பம்ப் நின்றுபோனால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் திரும்பும் குழாயில் ஒரு பிரஷர் சுவிட்சும் டேஷ்போர்டில் ஒரு பஸரும் கட்டாயம். பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) மீட்டருக்குப் பணம் ஒதுக்குமுன் இதற்கு ஒதுக்குங்கள் என்பேன். இன்னொன்று: இன்ஜினை அணைத்ததும், முன்னாலிருந்து வரும் நீளமான குழாயில் நிற்கும் ஆயில் மெல்ல இறங்கி டர்போவை நிரப்பிவிடும். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தால் ஒரே புகை. அந்தக் குழாயில், பிரஷர் இருந்தால் மட்டுமே ஆயிலை விடும் ஒரு செக் வால்வு இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது.

அடுத்தது டர்போவைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிற தவறு. இன்ஜின் அருகே மாட்டும் அதே அளவை வாங்கிப் பின்னால் மாட்டிவிட்டு, ‘பூஸ்டே ஏறவில்லை’ என்று புலம்புவார்கள். எக்ஸாஸ்ட் வாயு பின்னால் வருவதற்குள் ஆறிச் சுருங்கிவிடும். 900 டிகிரியில் கிளம்பியது 600 டிகிரியில் வந்து சேர்ந்தால், கன அளவில் கால்வாசி காணாமல் போயிருக்கும். அந்தக் குறைந்த வாயுவை வைத்து டர்பைனைச் சுழற்ற வேண்டுமானால் டர்பைன் ஹவுசிங் (டர்பைனைச் சுற்றியுள்ள கூடு) சிறியதாக இருக்க வேண்டும். டர்போ வரையுள்ள எக்ஸாஸ்ட் குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாக்காமல், வெப்பநாடா சுற்றிச் சூட்டைக் காப்பாற்றுவதும் உதவும்.

காற்று முன்னால் போகும் நீளக் குழாயால்தான் லேக் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தபின் பூஸ்ட் ஏற ஆகும் தாமதம்) வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. 60 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 3 மீட்டர் குழாயின் கொள்ளளவு சுமார் எட்டரை லிட்டர். அதில் அரை பார் அழுத்தம் ஏற்றக் கூடுதலாகத் தேவைப்படுவது நாலேகால் லிட்டர் காற்று. இரண்டு லிட்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு நொடிக்குச் சுமார் 50 லிட்டர் குடிக்கிறது. நாலேகால் லிட்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, குழாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குற்றம் பெரும்பாலும் பொருந்தாத டர்பைனில் இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு இணைப்பில் காற்று கசியும். குழாய் முனையில் உதடு மடிக்காமல் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டால் பூஸ்டில் அது கழன்று வரும். குழாய்க்குள் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் கசிவு குமிழ்விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏர் ஃபில்டரைச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடும் தவறையும் சிலர் செய்வார்கள். மழைநாளில் அது சேற்றையும் தண்ணீரையும் உறிஞ்சும். லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் பிளேடுக்குத் தண்ணீர்த் துளியே கல் மாதிரி. ஃபில்டரை முடிந்தவரை உயரத்தில், மறைவாக வையுங்கள். அப்புறம், பின்பக்கம்தானே ஃபியூல் டேங்க், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், பிளாஸ்டிக் பம்பர் எல்லாம் இருக்கின்றன? வெப்பத் தடுப்புத் தகடு இல்லாமல் டர்போவை அங்கே விடுவது விளையாட்டல்ல. எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பழசாக இருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள். அதன் தேன்கூடு உதிர்ந்தால் துண்டுகள் நேராக டர்பைனுக்குத்தான் போகும்.

பெட்ரோல், இக்னிஷன் ட்யூனிங் எந்த டர்போவுக்கும் பொதுவானது. பின்னால் மாட்டியதால் அதில் சலுகை எதுவும் கிடையாது. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) காற்றோட்டக் குழாயில் ஒருவழி வால்வு போட மறந்தால் பூஸ்ட் இன்ஜினின் வயிற்றுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

எல்லாம் முடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றி, திரும்பும் குழாயில் ஆயில் தெரிகிற வரை பொறுங்கள். டர்போவுக்கு ஆயில் போகும் நீளக் குழாய் நிரம்புமுன் இன்ஜின் ஓடினால் பேரிங் வறண்டு சுழலும். ஆயில் போகும், திரும்பும் குழாய்கள் இரண்டும் சேர்ந்து சில நூறு மில்லி ஆயிலைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள்.