கிராஷ் கார்டு: கையால் முதலில், ஸ்பேனர் பிறகு

பைக் சாய்ந்தால் அடி படாமல் காக்க முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிதான் கிராஷ் கார்டு. அதை முதல்முறை மாட்டியபோது ஒரு போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டேன். அடுத்த துளை அரை விரற்கடை விலகி நின்றது. சுத்தியலால் தட்டிப் பொருத்தினேன். அந்த மழைக்காலத்திலேயே அங்கு பெயிண்ட் உரிந்து துரு ஏறியது. ஆகவே, எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் நாலைந்து சுற்று மட்டும் ஏற்றுங்கள். கார்டை அசைத்து நடுவில் நிறுத்திய பிறகு, இடமும் வலமும் மாறிமாறி முறுக்குங்கள்.

இன்ஜினைத் தாங்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டிய வண்டியா? அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் முட்டுக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே போல்ட். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். முறுக்கும் அளவைக் கையேட்டில் பாருங்கள்.

ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்பி, முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்களை) அமுக்குங்கள். மட்கார்டு கிராஷ் கார்டில் எங்கும் உரசக் கூடாது. 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஸ்பேனரை எடுத்து, போல்ட்டுகள் தளர்ந்தனவா என்று பாருங்கள்.