கணவன் ஜெர்மனியில், வழக்கு யாழ்ப்பாணத்தில்: விவாகரத்துக்குத் துணையாக ஊருக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமிருந்து விவாகரத்துக் கோரிய என் தங்கைக்குத் துணையாக நான் இலண்டனிலிருந்து ஊருக்குப் போனேன். அப்போது அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இலங்கையின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மணம் முடித்த தமிழருக்கு, "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்று சொல்லி விவாகரத்துப் பெறும் வழி இல்லை. 1907ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றுதான்: திருமணத்தின் பின்னான விபசாரம், வன்மத்துடன் கைவிட்டுச் சென்றமை, திருமண வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. கண்டியச் சிங்களவருக்கான கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்குச் சம்மதப் பிரிவு உண்டு, எங்களுக்கு இல்லை. ஆகவே, கோபமில்லாமல் பிரிய விரும்புகிறவர்களும் ஒருவர் மற்றவர்மீது குற்றம் சாட்டித்தான் ஆக வேண்டும். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்தாவிட்டால், வழக்குரையை வாசித்த அன்றே வீடு இரண்டாகிவிடும்.

வழக்கை, அதைத் தொடுப்பவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். என் தங்கை ஊரிலேயே வாழ்பவள் என்பதால் எங்களுக்கு இதில் சிக்கல் எழவில்லை. நீங்களே வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தால், சில வார விடுமுறையில் வந்து நிற்பது வசிப்பிடம் ஆகாது. நீங்கள் வாழும் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கும்போது, அதிலுள்ள கணவனின் பெயரையும் அவருடைய கடவுச்சீட்டுப் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இந்த வேறுபாடு பின்னால் எவ்வளவு பாடுபடுத்தும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் பயணத்தை விழுங்கியது முகவரி. வெளிநாட்டில் உள்ள பிரதிவாதிக்கு அழைப்பாணை சேர வேண்டும். அது சேராமல் வழக்கு நகராது. நீதிமன்ற ஆவணங்களை வெளிநாடுகளில் சேர்ப்பிப்பதற்கான 1965ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது, ஜெர்மனியும் இருக்கிறது. ஆனால் ஜெர்மனியும் சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் நேரடித் தபால் முறையை மறுத்துள்ளதால், அங்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு இருக்க முடியாது. நீதி அமைச்சு ஊடாக அந்த நாட்டில் இத்தகைய ஆவணங்களைப் பொறுப்பேற்கும் மத்திய அதிகாரபீடத்துக்குப் போக வேண்டும். ஜெர்மனிக்குப் போகும் ஆவணங்களோடு ஜெர்மன் மொழிபெயர்ப்பும் தேவை. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆள் கிடைக்காமல் கொழும்பில் தேடினோம்.

இவ்வளவும் முகவரி கையில் இருந்தால்தான். அது இருந்தது கணவனின் தாயிடம். தங்கை "மாமி" என்று அழைத்து, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்த அந்த அம்மா, எங்களை விறாந்தையில் இருத்தித் தேநீரும் தந்துவிட்டு, கலியாணத்தின்போது நாங்கள் கொடுத்த இனாம் காசைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று எழுதித் தந்தால் மகனின் விலாசத்தைத் தருவதாகச் சொன்னார். எழுதிக் கொடுக்கத் தங்கை தயாராக இருந்தாள், நான் சம்மதிக்கவில்லை. அந்தக் காசுக்காக எங்கள் அப்பா விற்ற தோட்டக்காணியை அவர் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் பெரியப்பாவின் கோரிக்கை காத்திருந்தது: "பிள்ளை, எங்கட குடும்பத்தில ஆரும் கோடு கச்சேரி ஏறினதில்லை. என்ர மகளின்ர கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்." அந்தக் கலியாணத்துக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. உறவினர் கேட்கும் இத்தகைய தவணைக்குத் தலையாட்டாதீர்கள். ஒரு பெண்ணின் வயதைத் தங்கள் குடும்ப மரியாதைக்காகக் காத்திருக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை.

முடிவில் வழிகாட்டியவர் ஜெர்மனியில் வாழும் ஒரு பாடசாலைத் தோழி. அங்கே குடியிருப்போர் அனைவரும் குடிப்பதிவு அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதையும், ஒருவரின் முழுப்பெயரோடு பிறந்த திகதியோ பழைய முகவரியோ இருந்தால் கட்டணம் செலுத்தி அவருடைய தற்போதைய முகவரியைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். எங்கள் முதல் விண்ணப்பத்துக்கு அப்படியொருவர் இல்லை என்று பதில் வந்தது. விவாகச் சான்றிதழில் முதலில் நின்ற தகப்பன் பெயர், ஜெர்மன் பதிவில் குடும்பப் பெயராகக் கடைசிக்குப் போயிருந்தது. மாற்றி எழுதியபோது முகவரி கிடைத்தது. அதன் பிறகு எவர் வீட்டு விறாந்தையிலும் நாங்கள் இருக்க வேண்டி வரவில்லை. எவ்வளவு தேடியும் முகவரி கிடைக்காதவர்கள், தேடியதற்கான சான்றுகளோடு, பத்திரிகை அறிவித்தல் போன்ற மாற்று முறைக்கு நீதிமன்றத்தின் அனுமதியைக் கோரலாம்.

இப்போது இந்த வழக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சீதன வீட்டைக் காட்டுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் முதுசச் சட்டம். கூரை திருத்தக் கடன் கேட்டுப்போன என் தங்கையிடம், ஆண்டுக்கணக்கில் தொலைபேசியே எடுக்காத மனிதனின் கையொப்பத்தைக் கேட்டார்கள். விவாகரத்து முடியும்வரை பொறுக்க முடியாவிட்டால், கணவன் கைவிட்ட நிலையில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கோர அதே சட்டத்தில் இடமிருக்கிறது. இதைச் சட்டத்தரணியிடம் நீங்களாகவே கேளுங்கள். எங்களுக்கு அவராகச் சொல்லவில்லை.

கணவன் தோன்றாவிட்டாலும் தீர்ப்புத் தானாக வராது. ஒருதலை விசாரணையில் மனைவி கூண்டில் ஏறிச் சாட்சியம் அளிக்க வேண்டும். அற்றோணித் தத்துவம் (அவள் சார்பில் செயற்படும் எழுத்துமூல அதிகாரம்) பெற்ற எவரும் அவளுக்குப் பதிலாக அவளுடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது 3 மாதங்கள் கடந்த பின்னரே அது முடிந்த முடிபாகும். அதற்கு முன் மறுமணப் பேச்சை எடுக்க வேண்டாம். உங்கள் விடுமுறை இவற்றுக்கெல்லாம் முன்பே முடிந்துவிடும். அம்மாவைப் பார்க்க ஒருவர் ஊரில் நின்றதால்தான் நான் இலண்டனுக்குப் போக முடிந்தது, நின்றவள் தங்கை. சாட்சியத்துக்கும் அவள் தனியாகத்தான் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் இலகுவாக எழுத முடியவில்லை. ஆகவே புறப்படுமுன், ஒவ்வொரு தவணைக்கும் அவளோடு நீதிமன்றம் போகக்கூடிய ஒருவரைப் பெயர் சொல்லி ஒழுங்கு செய்துவிட்டு வாருங்கள். உறவினரைவிட ஒரு சிநேகிதி நல்லது.

பராமரிப்புப் பணத்துக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீங்கள் கட்டணம் கொடுப்பதானால் பெரியப்பா ஊடாக அனுப்பாமல் அவளுடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். சட்டத்தரணியிடம் பற்றுச்சீட்டை அவளே கேட்டு வாங்கட்டும்.