தினமும் ஓடக்கூடிய ரேட் ராட் பிக்கப்: 3100 கேபின், எஸ்-10 சேஸிஸ்

ரேட் ராட் என்பது பழைய வண்டியின் துருப்பிடித்த மேனியை அப்படியே விட்டு, பாகங்களை மாற்றிக் கட்டும் வண்டி. கண்காட்சித் திடலில் நிறுத்தி வைக்க மட்டும் அது வேண்டுமென்றால் எதை வேண்டுமானாலும் எதோடும் பற்றவைக்கலாம். அதே வண்டியில் திங்கட்கிழமை வேலைக்கும் போகவேண்டுமென்றால் கணக்கே வேறு. துரு மேல்தகட்டோடு நிற்கவேண்டும். சட்டம் (சேஸிஸின் இரும்பு ஃப்ரேம்), பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் புது வண்டிக்கு உள்ள ஒழுங்கில் இருக்கவேண்டும்.

அமெரிக்கப் பட்டறைகளில் நன்றாகப் பழகிய வழி ஒன்று உண்டு: 1947–53 செவ்ரலே 3100 பிக்கப்பின் கேபினை, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் செவ்ரலே எஸ்-10-இன் சேஸிஸ் மேல் உட்கார வைப்பது. 3100-இன் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம், 116 அங்குலம். லாங் பெட் (நீளத் தொட்டி) எஸ்-10-க்கு 117.9. ஷார்ட் பெட் 108.3, எக்ஸ்டெண்டட் கேப் 122.9, மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்த இரண்டில் ஒன்றை வாங்கினால் சட்டத்தை வெட்டி நீட்டவோ குறுக்கவோ வேண்டிவரும். முன்சக்கரத்தை ஃபெண்டர் வளைவின் நடுவில் வைத்துவிட்டு, மீதி 1.9 அங்குலத்தைப் பின்தொட்டியில் சரிக்கட்டுங்கள். தொட்டியை எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள்.

சட்டத்தை மட்டும் வாங்காமல், 1988–93-ஐச் சேர்ந்த, 4.3 லிட்டர் வி6 பொருத்திய, ஓடுகிற வண்டியாகவே வாங்குங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் பெட்டி, பெட்ரோல் டேங்க் எல்லாம் ஒன்றோடொன்று ஏற்கெனவே பொருந்தியிருக்கும். பானெட்டைத் திறந்ததும் வி8 தெரியவேண்டும் என்ற ஆசை இருந்தால் பிறகு 350 (செவ்ரலேயின் 350 கன அங்குல வி8) ஏற்றிக்கொள்ளலாம், 4.3 என்பது இரண்டு சிலிண்டர் குறைந்த 350-தான், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் துளைகள் அப்படியே பொருந்தும். ஆனால் 350-ஐ முடுக்கி ஓட்டினால் எஸ்-10-இன் பின்னச்சு தாங்காது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அச்சு பலமானது. அதன் சக்கர போல்ட் வட்டம் 4.5 அங்குலம், எஸ்-10-க்கு 4.75; முன்னும் பின்னும் ஒரே ஸ்டெப்னி பொருந்தாமல் போகும்.

வெட்டுவதற்கு முன்பே உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்: வண்டி எந்த எண்ணில், எந்த ஆண்டு மாடலாகப் பதிவாகும் என்று. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அடையாள எண் தகட்டைப் பெயர்த்து வேறு வண்டியில் ஒட்டுவது கூட்டரசுச் சட்டப்படியே குற்றம்.

கேபின் வாங்கும்போது மூன்று ஜன்னல் கேபினாகத் தேடுங்கள். பின்மூலைகளில் வளைந்த கண்ணாடி உள்ள ஐந்து ஜன்னல் கேபின் அழகுதான், ஆனால் தூண்களை வெட்டிக் கூரையை இறக்கினால் அந்தக் கண்ணாடிக்கு வழியில்லை. 1953 வரை முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். லேமினேட்டட் கண்ணாடியில் புதிதாக வெட்டி வாங்கலாம். 1954-இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. எந்த ஜன்னலிலாவது டெம்பர்டு கண்ணாடி இருந்தால் அதை வெட்டவே முடியாது, நொறுங்கிவிடும். தரை, கேபின் மூலைகள், கதவுக் கீல் தூணின் அடி ஆகிய இடங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே புதுத் தகடுதான்.

முதலில் முடிவு செய்யவேண்டியது உயரம். டயரும் வீலும் வாங்கி மாட்டி, வண்டி நிற்கவேண்டிய உயரத்தில் சட்டத்தைக் கட்டை வைத்து நிறுத்தி, ரசமட்டம் பார்த்த பிறகே கேபின் மவுண்ட் செய்யுங்கள். முன்னால் 2 அங்குல டிராப் ஸ்பிண்டில் (சக்கர அச்சை மேலே ஏற்றி வண்டியை இறக்கும் பாகம்) போடுங்கள். காயில் ஸ்பிரிங்கை வெட்டினால் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) கெடும், டயர் உள்ளோரம் தேயும். பின்னால் ஃபிளிப் கிட் அச்சை லீஃப் ஸ்பிரிங்கின் மேலே கொண்டுவந்து சுமார் 5 அங்குலம் இறக்கும். அப்போது அச்சு சட்டத்தில் இடிக்கும் என்பதால் சட்டத்தில் சி-நாட்ச் (சி வடிவ வெட்டு) போட்டு, 3/16 அங்குலத் தகட்டால் பலப்படுத்தவேண்டும். பஞ்சரான டயரோடு ரிம்மில் உருண்டாலும் வண்டியின் எந்தப் பாகமும் தரையில் படக்கூடாது. இதை மீறிய வண்டியைத் தெருவில் விடாதீர்கள்.

சட்டத்தில் வெல்டிங்கை ஒரேயடியாக ஓட்டாதீர்கள். பொட்டு வைத்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து, ஒரு தடவைக்கு 1–2 அங்குலம் மட்டும் பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள். கேபின் எடை முழுவதும் ஏறிய பிறகு பின்னச்சின் பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் கியர்) கோணத்தைப் பாருங்கள்: கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கு இணையாக, ஒவ்வொரு யூ-ஜாயிண்டிலும் 1 முதல் 3 டிகிரி. வேகத்தில் தரை அதிர்கிறது என்று டயர் பேலன்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களில் பலருக்குக் கோளாறு இங்கேதான்.

கூரையை இறக்க 3 அங்குலம் போதும். நாலு, ஐந்து என்று போனால் சிக்னல் விளக்கைப் பார்க்கக் குனியவேண்டும், தினசரி ஓட்டத்துக்கு அது தண்டனை. கேபினுக்குள் 1 அங்குலச் சதுரக் குழாயால் குறுக்குத் தாங்கல் பற்றவைத்த பிறகே வெட்டுங்கள். முன் தூண் சாய்ந்திருப்பதால் இறங்கிய கூரை அதோடு நேர்கோட்டில் சேராது. தூணின் அடியில் கீறல் போட்டுச் சாய்வை மாற்றவோ, கூரையைப் பிளந்து நீட்டவோ வேண்டும். கதவைப் பூட்டிய நிலையில் வைத்தே இடைவெளி சரிபாருங்கள். 0.023 அங்குல வெல்டிங் கம்பி, பொட்டுப் பொட்டாக. அவசரப்பட்டால் தகடு அலையடிக்கும், அப்புறம் டிங்கரிங் செலவு.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில் வந்தால் அது கேலிப்பரை விடத் தாழ்ந்திருக்கும்; எண்ணெய் திரும்பி ஓடிவிடும், பெடல் முதல் மிதியில் தரை தொடும். முன் டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, பின் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு) போடுங்கள். சில மாஸ்டர் சிலிண்டர்களில் டிரம் வால்வு உள்ளேயே இருக்கும், இரண்டாவது வேண்டாம். பூஸ்டர் இல்லையென்றால் பெடல் விகிதம் 6:1, இருந்தால் 4:1. ஸ்டீயரிங் ஷாஃப்டில் மூன்று ஜாயிண்ட் வந்தால் நடுவில் தாங்கு பேரிங் கட்டாயம்.

சூடேறுவதுதான் இந்த வண்டிகளின் தீராத வியாதி. டிராஃபிக்கில் மட்டும் சூடேறினால் காற்று போதவில்லை, ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள உறையான ஷ்ரவுடையும் பாருங்கள். நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் சிறியது, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்கிறது.

வயரிங்கை முற்றிலும் புதிதாக இழுங்கள். பழையது 6 வோல்ட். துருத்தகடு நம்பகமான எர்த் ஆகாது. எஞ்சினுக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் கேபினுக்கும் தனித்தனிப் பட்டை, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர். சீட்டுக்குப் பின்னால் பழைய டேங்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்-10 டேங்கையே சட்டத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டுக்கு 7/16 அங்குல கிரேடு 8 போல்ட். தகட்டில் மாட்டினால் அடியில் 3×3 அங்குல, 1/8 கனத் தகடு.

மேனிக்குக் கடைசி வேலை. உதிரும் துருவை ஸ்காட்ச்-பிரைட்டால் தேய்த்துக் கழுவி, முற்றிலும் காயவிட்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் மினரல் ஸ்பிரிட்டும் சம அளவு கலந்து துணியால் மெல்லியதாகப் பூசுங்கள். அதிகம் பூசினால் பிசுபிசுத்துத் தூசி அள்ளும். மழையில் ஓடும் வண்டிக்கு அவ்வப்போது மறுபடி பூசவேண்டும். மேட் கிளியர் (பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு) நீடிக்கும், ஆனால் அடியில் துரு ஊர்ந்தால் கிளியர் மொத்தமாக உரியும், ஒட்டுப்போட முடியாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடுங்கள்.

வெள்ளை வரி டயர் வேண்டுமென்றால் ரேடியலில் வாங்குங்கள். பழைய பாணி பயஸ்-பிளை டயர் சாலைப் பள்ளம் போன பக்கமெல்லாம் வண்டியை இழுக்கும். வீல் அலைன்மெண்டில் கேம்பர் 0 முதல் −0.5 டிகிரி, டோ-இன் (முன்சக்கரங்கள் உட்புறம் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். முதல் 100 மைல் ஓடியதும் யூ-போல்ட், வீல் நட்டு, கேபின் மவுண்ட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள்.